நிமிர்ந்து நிற்க எலும்பு வேண்டும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் ஒரு பள்ளித் தலைமையாசிரியன் கல்வியைப் பற்றித்தான் பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்போ எலும்புப்புரை நோய். நான் மருத்துவன் அல்லன். இளங்கலையும் ஆசிரியப் பயிற்சியும் முடித்தவன். ஆயினும் இத்தலைப்பை மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டேன். நம் குடும்பங்களில் ஒரு மூதாட்டியின் எலும்பு முறிவதற்கும் ஒரு சிறுமியின் படிப்பு நிற்பதற்கும் தொடர்பு உண்டு என்பதை என் பணிக்காலத்தில் கண்டிருக்கிறேன். அதனைச் சற்றுப் பின்னர்க் கூறுகிறேன். முதலில் நோய் இன்னதென்று அறிந்துகொள்வோம்.

எலும்பு உயிருள்ள பொருள்

எலும்பு என்றவுடன் கல்லைப் போன்ற, உயிரற்ற ஒரு பொருள் நம் நினைவுக்கு வருகிறது. இது சரியன்று. வளர்ந்த மனிதனின் உடலில் உள்ள 206 எலும்புகளும் உயிருள்ளவை. அவற்றினுள் குருதி ஓடுகிறது. பழைய எலும்பை அரித்து அகற்றும் உயிரணுக்களும், அந்த இடத்தில் புதிய எலும்பைக் கட்டும் உயிரணுக்களும் அங்கே இரவும் பகலும் வேலை செய்கின்றன. ஓரிடத்தில் பழையதை அகற்றச் சில வாரங்கள் ஆகும். அதனைத் திரும்பக் கட்டச் சில மாதங்கள் ஆகும். இவ்வாறு ஏறத்தாழப் பத்து ஆண்டுகளில் நம் எலும்புக்கூடு முழுவதும் புதுப்பிக்கப்பட்டுவிடுகிறது. கட்டடம் கட்டும் கொத்தனார்கள் இங்கு நிரம்ப இருக்கிறீர்கள். இடிப்பவர் விரைவாக இடித்து, கட்டுபவர் மெதுவாகக் கட்டினால் சுவர் என்னவாகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உடலில் உள்ள சுண்ணச் சத்தில், அதாவது கால்சியத்தில், 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. எஞ்சிய ஒரு விழுக்காடு குருதியிலும் தசைகளிலும் உள்ளது. அளவிற் சிறிதாயினும், நெஞ்சு துடிப்பதற்கும் தசை அசைவதற்கும் அஃது இன்றியமையாதது. எனவே உணவில் சுண்ணம் குறைந்தால் உடல் குருதியில் குறையவிடாது. எலும்பிலிருந்து எடுத்துக் குருதிக்குக் கொடுத்துவிடும். வீட்டில் அரிசி இல்லாதபோது விதைநெல்லை எடுத்துக் குத்துவது போன்றது இச்செயல். அன்றைய பசி தீரும். அடுத்த விளைச்சல் போய்விடும்.

பிறந்தது முதல் ஏறத்தாழ 25, 30 அகவை வரை எலும்பு சேர்கிறது. அதன்பின் சில ஆண்டுகள் வரவும் செலவும் ஒத்திருக்கும். பின்னர்ச் செலவு மிகும். நம் முன்னோர் வீட்டில் குதிர் இருந்ததல்லவா? சம்பா அறுவடையில் குதிரை நிரப்பிக்கொண்டால் கோடைவரை கவலையில்லை; அரைக்குதிர் நிரப்பியவனுக்குப் பங்குனியிலேயே அடி தெரியும். இளமையில் எலும்புக் குதிரை நிரப்பாதவர்க்கு ஐம்பதிலேயே அடி தெரியத் தொடங்குகிறது.

பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபின் எலும்பைக் காத்துவந்த ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைந்துவிடுகிறது. அதனையடுத்த ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் எலும்பின் அடர்த்தியில் 20 விழுக்காடு வரைகூடக் குறையலாம். இவ்வாறு எலும்பு உட்புறம் துளை துளையாகி, வெளித்தோற்றம் மாறாமலே வலுவிழந்து, சிறு அதிர்ச்சிக்கும் முறியும் நிலையே எலும்புப்புரை. ஆங்கில மருத்துவர் இதனை ஆஸ்டியோபோரோசிஸ் என்பர். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு இந்நோய் வரும் முறையை அமெரிக்க மருத்துவர் புல்லர் ஆல்பிரைட் 1940ஆம் ஆண்டையொட்டி விளக்கினார். ஆண்களுக்கும் இது வரும். உலக அளவில் 50 அகவையைக் கடந்த பெண்களில் மூவருள் ஒருவருக்கும், ஆண்களில் ஐவருள் ஒருவருக்கும் இந்நோயால் எலும்பு முறிவு நேர்கிறது என்பது மருத்துவர் கணக்கு.

இங்கு ஒரு குழப்பத்தை நீக்கிவிடுகிறேன். முழங்கால் வலித்தால் நம்மவர் ‘எலும்பு தேய்ந்துவிட்டது’ என்பர். அது மூட்டுத் தேய்மானம், மூட்டில் உள்ள குருத்தெலும்பு தேய்வதால் வருவது, வலியோடு வரும். எலும்புப்புரையோ முறிவு ஏற்படும்வரை வலிக்காது. கரையான் அரித்த உத்தரம் போல ஓசையின்றி இருக்கும். வலியில்லை, ஆகவே நோயில்லை என்று எண்ணுவதுதான் இதில் உள்ள பேரிடர்.

கூன் முதுமையின் அழகன்று

இந்நோயால் மூன்று இடங்கள் பெரிதும் முறிகின்றன: மணிக்கட்டு, முதுகெலும்பு, இடுப்பை ஒட்டிய தொடை எலும்பின் கழுத்து.

கீழே விழும்போது கையை ஊன்றுவதால் மணிக்கட்டு முறியும். ஐம்பதைக் கடந்தவருக்கு, நின்ற உயரத்திலிருந்து விழுந்ததிலேயே மணிக்கட்டு முறிந்தால் அதனை முதல் எச்சரிக்கை மணியாகக் கொள்ள வேண்டும். மாவுக்கட்டு அவிழ்ந்ததும் மறந்துவிடக் கூடாது.

முதுகெலும்பு முறிவதற்கு விழவே வேண்டியதில்லை. குனிந்து ஒரு குடம் தண்ணீரைத் தூக்கினாலும் முள்ளெலும்பு முன்புறமாக நசுங்கிப்போகும். ஒன்றன்பின் ஒன்றாக நசுங்கும்போது உயரம் குறையும், முதுகு வளையும். காவிரிக் கரை ஊர்களில் கூன் விழுந்த மூதாட்டியரைக் காட்டி, ‘நடவு நட்டு நட்டுக் கூன் விழுந்துவிட்டது’ என்பார்கள். நடவு நட்டதால் முதுகு வலிக்கும். அதனால் மட்டும் எலும்பு நசுங்காது. நாளெல்லாம் நட்ட பெண்ணுக்குக் கிண்ணம் நிறையக் கஞ்சி கிடைத்ததே தவிர, எலும்புக்கு வேண்டிய உணவு கிடைக்கவில்லை என்பதே உண்மை. இளமையில் இருந்ததைவிட 4 சென்டிமீட்டருக்கு மேல் ஒருவர் உயரம் குறைந்திருந்தால் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். பிறர் முன்னே குனிந்து நிற்க வைக்கப்பட்ட காலத்தை நம் பெரியோர் போராடிக் கடந்தனர். அதன் பின்னும் நம் தாய்மாரின் முதுகு உணவுக் குறையால் வளைவதை நாம் பார்த்துக்கொண்டிருக்கலாமா?

மூன்றாவதான இடுப்பு முறிவே கொடியது. இதற்குள்ளானோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார் என்று பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. பிழைப்பவரிலும் பலர் பழையபடி தாமாக நடப்பதில்லை. படுக்கைப் புண், நுரையீரற் சளி, கால் நாளங்களில் குருதி உறைதல் ஆகியவை அவர்களைத் தொடர்கின்றன.

கொள்ளிடக் கரையை ஒட்டிய ஓர் ஊரில் நான் பணியாற்றியபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பொங்கல் விடுமுறைக்குப் பின் பள்ளிக்கு வரவில்லை. நன்றாகப் படிப்பவள். மூன்று வாரம் கழித்து வகுப்பாசிரியையும் நானும் அவள் வீட்டிற்குச் சென்றோம். அவளுடைய அப்பாயி ஈரவாசலில் வழுக்கி விழுந்திருக்கிறார். தந்தை காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். விடியலுக்கு முன்பே போய்விடுவார். தாய் நடவுக்கும் களையெடுப்புக்கும் போக வேண்டும். ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. எனவே அப்பாயிக்குச் சோறு ஊட்டவும், மலசலம் எடுக்கவும், புரட்டிப் படுக்க வைக்கவும் அந்தப் பதினான்கு வயதுச் சிறுமி வீட்டில் நிறுத்தப்பட்டாள். இடுப்பிற்குத் துணிக்கட்டும் மூங்கில் பத்தையும் போட்டிருந்தார்கள். ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகி வெளிப்புறம் திரும்பியிருந்தது. ‘அப்பாயி எழுந்து உட்கார்ந்துட்டா வந்துடுறேன் சார்’ என்றாள் அச்சிறுமி. மூதாட்டி எழுந்து உட்காரவே இல்லை. அச்சிறுமிக்கு அந்த ஆண்டு போயிற்று. பலமுறை சென்று பேசியபின் அடுத்த சூன் மாதத்தில் தன்னைவிட இளையவரோடு மீண்டும் ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்தாள். இவளாவது வந்தாள். வராமலே போனவர்களும் உண்டு. வசதியுள்ள வீட்டில் எலும்பு முறிந்தால் ஒரு செவிலியை அமர்த்துகிறார்கள். நம் வீடுகளில் எலும்பு முறிந்தால் ஒரு பெண் குழந்தையின் பெயர் வருகைப் பதிவேட்டிலிருந்து நீங்குகிறது. ஆதலால்தான் இப்பொருள் கல்விச் சங்கத்தின் மேடைக்கு உரியதென்று கருதுகிறேன்.

நம்மவரிடையே ஏன் மிகுதி?

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர் வீணா சத்ருக்னாவும் அவருடைய குழுவினரும், வருவாய் குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த 30 முதல் 60 அகவை வரையிலான 289 பெண்களின் எலும்பை அளந்து, முடிவை 2005இல் வெளியிட்டனர். தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் 29 விழுக்காட்டினருக்கு எலும்புப்புரையும், மேலும் 52 விழுக்காட்டினருக்கு அதற்கு முந்தைய நிலையாகிய எலும்பு மெலிவும் காணப்பட்டன. அவர்கள் ஒரு நாளில் உணவின் வழியே பெற்ற கால்சியம் 300 மில்லிகிராமைக்கூட எட்டவில்லை. இவர்கள் முதியோர் அல்லர். அன்றாடம் உழைத்துக்கொண்டிருந்த பெண்கள். நமக்கு அண்மையில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள், சிறுநகர்ப் பகுதியில் மாதவிலக்கு நின்றபின் நடமாடிக்கொண்டிருந்த பெண்களைச் சோதித்து 2008இல் வெளியிட்ட ஆய்விலும், ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஏதேனும் ஓரிடத்தில் எலும்புப்புரை இருந்தது.

‘வெயிலிலே வேலை செய்கிறோமே, வெயில் எலும்புக்கு நல்லதென்கிறார்களே’ என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் தோலின்மீது படும்போது வைட்டமின் டி உண்டாகிறது. பின்னர் ஈரலிலும் சிறுநீரகத்திலும் மாற்றமடைந்து, குடலில் உள்ள சுண்ணத்தை உடல் ஏற்க உதவுகிறது. திருச்சிராப்பள்ளி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் உள்ளது. இங்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை. திருப்பதியில் நடந்த ஆய்வில், வயலில் வேலை செய்யும் சிற்றூர் மக்களுக்கு நகர மக்களைவிட வைட்டமின் டி மிகுதியாகவே இருந்தது; ஆனால் உணவில் சுண்ணம் குறைவாயிருந்தது. வைட்டமின் டி கதவைத் திறக்கும் ஆள். உள்ளே வருவதற்கு விருந்தினர் இல்லையென்றால் கதவு திறந்து என்ன பயன்? மற்றொரு பக்கம், கற்பட்டை தீட்டும் தொழிலிலும், தையற்கூடங்களிலும், கடைகளிலும் காலை முதல் இரவு வரை கூரையின் கீழிருக்கும் நம் இளைஞர்களுக்குக் கதவைத் திறக்கும் ஆளும் இல்லை. கருநிறத் தோலுக்கு வைட்டமின் டி உண்டாகக் கூடுதல் நேரம் வெயில் வேண்டும் என்பதையும் அறிய வேண்டும்.

இவற்றோடு வேறு காரணங்களும் சேர்கின்றன. முப்பத்தைந்து, நாற்பது அகவையிலேயே கருப்பையோடு சூலகத்தையும் எடுத்துவிட்ட பெண்களுக்கு எலும்பின் தேய்வு அன்றே தொடங்கிவிடுகிறது. மூச்சிரைப்புக்கும் மூட்டுவலிக்கும் ஸ்டீராய்டு மாத்திரைகளை மூன்று மாதத்திற்கு மேல் உண்பவர்க்கு எலும்பு மெலியும். பெயர் தெரியாத வலி மாத்திரையைக் கடையில் வாங்கித் தின்பவர் இதனைக் கருத வேண்டும். தைராய்டு மிகையாகச் சுரத்தல், உடல் மிக மெலிந்திருத்தல், பெற்றோருக்கு இடுப்பு முறிந்திருத்தல் ஆகியனவும் காரணங்களே. குடியும் புகையும் எலும்பைக் கட்டும் உயிரணுக்களைக் கெடுக்கின்றன. நம் உறையூரில் சுற்றப்பட்ட சுருட்டு 19ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து இங்கிலாந்து வரை சென்று திருச்சிக்குப் பெயர் வாங்கித் தந்தது. அந்தப் பெயர் வரலாற்றில் இருக்கட்டும். சுருட்டும் பீடியும் நம் உதட்டில் இருக்க வேண்டாம்.

எலும்புக்கு உணவு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த அளவின்படி, வளர்ந்தவர்க்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். பாலூட்டும் தாய்க்கும் மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கும் 1200 வேண்டும். இனிக் கணக்குப் போடுவோம். 100 கிராம் அரிசியில் சுண்ணம் ஏறத்தாழ 10 மில்லிகிராம்தான். மூன்று வேளையும் சோறாகவே உண்டு 400 கிராம் அரிசி சாப்பிட்டாலும் 40 மில்லிகிராம்! வயிறு நிறையும், எலும்பு நிறையாது.

100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் உண்டு. 200 மில்லி லிட்டர் பாலில் அல்லது அதே அளவு தயிரில் சுமார் 240. ஒரு கைப்பிடி, அதாவது 50 கிராம், முருங்கைக்கீரையில் 150க்கு மேல். தோல் நீக்காத எள் 10 கிராமில் சுமார் 130. இவை நான்கையும் கூட்டினால் 870 ஆகிறது. பருப்பு, அகத்திக்கீரை, கறிவேப்பிலை, முள்ளோடு உண்ணும் நெத்திலி ஆகியவற்றால் மீதம் நிரம்பிவிடும். நெத்திலிக் கருவாடும் நல்லதே. ஆயின் உப்பு மிகுந்தால் சிறுநீர் வழியே சுண்ணம் வெளியேறும். எனவே பலமுறை நீரில் அலசிச் சமைக்க வேண்டும். பாலக்கீரையில் சுண்ணம் இருந்தாலும் அதில் உள்ள ஆக்சாலிக் அமிலம் அதனை உடலில் சேரவிடாது. எலும்பிற்கு முருங்கையே மேல். முருங்கைக்கு விலையும் இல்லை. ஒரு போத்தை ஒடித்து நட்டால் வாசலிலேயே வளரும்.

முசிறி, துறையூர், மணப்பாறைப் பக்கத்து மானாவாரி நிலங்களில் நம் பாட்டன்மார் உண்டது கேழ்வரகுக் கூழும் கம்பங்களியுமே. அதனை ஏழையின் உணவு என்று பிறர் இகழ்ந்தனர். நாமும் வெட்கப்பட்டு விட்டுவிட்டோம். இரவில் கரைத்துப் புளிக்க வைத்துக் காலையில் கூழாகக் குடித்த பழக்கத்தில் அறிவியல் உண்டு. புளிக்கும்போதும் முளைகட்டும்போதும் தானியத்தில் உள்ள பைட்டிக் அமிலம் குறைந்து, சுண்ணம் உடலில் சேர்வது எளிதாகிறது. தமிழ்நாடு அரசு 2023இல் நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் நியாயவிலைக் கடை வழியே அரிசிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கியது. அத்தகைய முறை நம் மாவட்டத்திற்கும் வேண்டுமென்று கேட்பது நம் உரிமையாகும்.

ஆட்டுக்கால் சூப் எலும்பை ஒட்டவைக்கும் என்று பலர் நம்புகின்றனர். மாலை வேளையில் சூடாகக் குடிப்பதற்குச் சுவையானதுதான். ஆனால் எலும்பில் உள்ள சுண்ணம் கொதிநீரில் மிகச் சிறிதே கரைகிறது. சூப்புக்குக் கொடுக்கும் காசுக்கு இரண்டு முட்டை வாங்கலாம். எலும்பின் சட்டகம் புரதத்தால் ஆனது. எனவே முட்டை, மீன், இறைச்சி, பருப்பு ஆகியவையும் வேண்டும்.

குதிரை நிரப்பும் பருவம் பள்ளிப் பருவமே. காமராசர் காலத்தில் 1956இல் பள்ளியில் பகலுணவு தொடங்கியது. அதனை விரிவாக்கிய சத்துணவுத் திட்டத்தை எம்.ஜி.ஆர். 1982 சூலை 1ஆம் நாள் தொடங்கி வைத்தது நம் திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில்தான் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. பின்னர் முட்டை சேர்ந்தது. 2022இல் காலை உணவும் சேர்ந்தது. ஆனால் மேல் வகுப்புக்கு வந்ததும் நம் பிள்ளைகள் சிலர் தட்டைத் தூக்கி வரிசையில் நிற்பதற்குக் கூச்சப்படுகிறார்கள். மாணவமணிகளே, அது பிச்சையன்று. உங்கள் பெற்றோர் செலுத்தும் வரியில் சமைத்தது. முட்டையை விடாமல் உண்ணுங்கள். விளையாட்டுப் பாடவேளையில் மரத்தடியில் உட்காராமல் வெயிலில் ஓடுங்கள், கயிறு தாண்டுங்கள், சடுகுடு ஆடுங்கள். அதிர்வு பட்ட எலும்பே உரம் பெறும். பெண் பிள்ளைகளுக்கு இதனை இரண்டு முறை சொல்கிறேன்.

கருவுற்ற தாய்மார்களுக்கு ஒரு சொல். 1928ஆம் ஆண்டிலேயே பம்பாய்ச் சட்டசபையில் மகப்பேற்று உதவி மசோதாவை ஆதரித்துப் பேசியவர் அண்ணல் அம்பேத்கர். உழைக்கும் தாயின் உடல்நலம் நாட்டின் நலம் என்று அவர் கருதினார். கருவுற்ற 14ஆம் வாரம் முதல், குழந்தை பிறந்து ஆறு மாதம் வரை கால்சியம் மாத்திரை கொடுக்க வேண்டுமென்பது அரசு நெறிமுறை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் அந்த மாத்திரையைப் பரணில் போட்டுவிடாதீர்கள். இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்காமல், உணவோடு வேறு வேளையில் உண்ண வேண்டும்.

சோதனையும் சிகிச்சையும்

எலும்பின் அடர்த்தியை அளக்க டெக்சா என்னும் கருவி உண்டு. வலியில்லாத சோதனை. இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிட்டு டி அளவெண் என ஓர் எண் தருவார்கள். உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்தபடி, கழித்தல் 1க்கு மேல் இருந்தால் இயல்பு. கழித்தல் 1க்கும் 2.5க்கும் இடையில் எலும்பு மெலிவு, கழித்தல் 2.5 அல்லது அதற்குக் கீழ் எலும்புப்புரை. சாதாரண எக்ஸ்ரே படத்தில் எலும்பின் அடர்த்தி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தபின்தான் தெரியும். முகாம்களில் குதிகாலை வைத்துப் பார்க்கும் கருவி ஒரு முன்னறிவிப்பே. அதனை மட்டும் நம்பி மருந்து வாங்கிவிடக் கூடாது.

நோய் உறுதியானால் மருந்து உண்டு. வாரம் ஒருமுறை உண்ணும் அலெண்ட்ரோனேட் மாத்திரையை விடியலில் வெறும் வயிற்றில், ஒரு பெரிய குவளைத் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். இல்லையேல் உணவுக்குழாய் புண்ணாகும். ஆண்டிற்கு ஒருமுறை நாளத்தில் ஏற்றும் சோலெட்ரானிக் அமிலமும் உண்டு. எதனைக் கொடுப்பது, எத்தனை ஆண்டு கொடுப்பது என்பது மருத்துவர் முடிவு. வைட்டமின் டி ஊசியைத் தாமே போட்டுக்கொள்வது தீது. மிகுந்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

எலும்பு முறிந்தால் நம்மவர் நாடுவது புத்தூர்க் கட்டு. விரலோ கையோ சில வேளைகளில் அதில் கூடிவிடலாம். தொடை எலும்பின் கழுத்து கட்டினால் கூடாது. அதற்கு அறுவைச் சிகிச்சை வேண்டும். அதுவும் இயன்றவரை இரண்டு நாட்களுக்குள் வேண்டும். நம் திருச்சியிலும் ஒரு புத்தூர் உண்டு. அங்கே மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. இடுப்பு முறிந்தவரை அழைத்துச் செல்ல வேண்டிய புத்தூர் அதுவே. விழுந்த முதியவரால் எழ முடியவில்லை, ஒரு கால் குட்டையாகித் திரும்பியிருக்கிறது என்றால், எண்ணெய் தேய்க்காதீர்கள், காலை இழுக்காதீர்கள், நிற்க வைக்காதீர்கள். படுத்த நிலையிலேயே வைத்து 108ஐ அழையுங்கள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையும் குடும்ப அட்டையும் கையில் இருக்கட்டும். வீடு திரும்பியபின் இயன்முறைப் பயிற்சி வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிற்கே வந்து அப்பயிற்சி தருகின்றனர். சுகாதாரச் செவிலியரிடம் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

விழாமல் காப்பது யாவற்றினும் எளிது. வாசற்படிக்கும் கழிப்பறைக்கும் இடையே ஒரு விளக்கு. கழிப்பறைச் சுவரில் கைப்பிடியாக ஓர் இரும்புக் குழாய். வழுக்கும் பாசியைத் தேய்த்துக் கழுவுதல். கண்புரை இருந்தால் அறுவை செய்துகொள்ளுதல். அம்மா மண்டபப் படித்துறையில் ஆடிப் பெருக்கன்று முதியவரைத் தனியே இறங்கவிடாதீர்கள். எலும்புப்புரை உள்ளவர் குனிந்து பாரம் தூக்கலாகாது; முழங்காலை மடக்கி, பொருளை உடலோடு அணைத்துத் தூக்க வேண்டும். நாள்தோறும் அரைமணி நடையும், சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் சிறிது நேரம் நிற்கும் பயிற்சியும் அவர்க்குப் போதும்.

இளைஞர்களுக்கு

இச்சங்கத்தின் இளைஞர்களுக்கு மூன்று பணிகளை வைக்கிறேன். முதலாவது, உங்கள் தெருவில் அறுபதைக் கடந்தவர்களின் பட்டியலை எழுதுங்கள்; யார் முன்பே எலும்பு முறிந்தவர், யாருக்கு உயரம் குறைந்தது, யார் ஸ்டீராய்டு உண்கிறார் என்று கேட்டறிந்து, அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இரண்டாவது, வீட்டிற்கு ஒரு முருங்கைப் போத்து நடுங்கள். மூன்றாவது, எந்த வீட்டிலேனும் முதியவர் படுக்கையில் விழுந்தால், அந்த வீட்டுப் பெண் குழந்தை மறுநாள் பள்ளிக்குச் சென்றாளா என்று பாருங்கள். செல்லவில்லையென்றால் தெருவார் முறை வைத்துக்கொண்டு அந்த முதியவரைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டின் சுமையைப் பத்து வீடு சுமந்தால் பாரம் தெரியாது.

இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் நம் பிள்ளைகளுக்குப் புத்தகமும் கட்டணமும் கொடுத்து வந்திருக்கிறது. அந்தப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை வீட்டில் எவரும் முறிந்து விழாதிருப்பதும் கல்விப் பணியே என்று இனிக் கொள்வோமாக.